இஸ்திரி மேலாளர் ஆறு மணிக்குப் போய்விட்டார்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. கண்ணீரில் பிறந்தது, கனவில் பிறந்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்கிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்திரிகை ஆசிரியர்கள் போன் செய்வதில்லை போலிருக்கிறது. எனக்குச் செய்தார் ஒருவர்.

"இப்பல்லாம் கம்பெனிகள்ல ஓவர்டைமுக்குக் காசு குடுக்குறாங்களா சார்? அத வச்சு ஒண்ணு எழுதிக் குடுங்களேன்."

"கட்டுரையா?"

"கட்டுரைன்னா யாரும் படிக்க மாட்டாங்க. கதையா எழுதுங்க. ஆனா விஷயம் இருக்கணும்."

"சன்மானம்?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம். "நீங்க நம்ம குடும்பம் மாதிரி சார்."

அதாவது, ஓவர்டைமுக்குக் காசு கிடைக்கிறதா என்பதைப் பற்றி, என் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து, ஓசியில் எழுதிக் கொடுக்க வேண்டும். (பகலில் நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அங்கே ஓவர்டைம் உண்டா என்று கேட்காதீர்கள். இது என் கதை இல்லை.)

அவர் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: கொடுக்கிறார்கள், கொடுக்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடிக்கும் வரை. ஆனால் ஒரு வரியை வைத்துக்கொண்டு பக்கங்களை ரொப்ப முடியாது. அதனால் ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தேன். அவளுக்கும் நான் எதுவும் தருவதாக இல்லை.

2

தொடக்கங்கள்.

முதலாவது: "அந்தி மயங்கும் வேளை. சலவைக் கம்பெனியின் புகைபோக்கியிலிருந்து எழுந்த புகை, அவளுடைய நிறைவேறாத ஆசைகளைப் போல" — வேண்டாம். புகை புகையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது: "உழைப்பின் மதிப்பை யார் நிர்ணயிக்கிறார்கள் என்ற வினா இன்று" — எழுதும்போதே கொட்டாவி வந்தது. எனக்கே வந்தால் உங்களுக்கு வராதா?

மூன்றாவது:

"அக்கா, ஓடி வாங்க! உங்களுக்கு புரமோஷனாம்!" என்று கத்திக்கொண்டே வந்தாள் மடிப்பு மேஜையில் நிற்கிறவள்.

இது இருக்கட்டும். ஓடி வரச் சொன்னாள், ஆனால் அக்காவால் ஓடி வர முடியாது. அவள் உருளை மெஷின் முன்னால் நிற்கிறாள். ஓட்டல்களிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை, துவைத்துப் பிழிந்த ஈரத்தோடு, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து அந்தச் சூடான உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் அது மொடமொடவென்று வரும். கையை எடுத்தால் விரிப்பு சுருண்டு சிக்கிக்கொள்ளும். பதவி உயர்வு வந்தாலும் சரி, பூகம்பம் வந்தாலும் சரி, விரிப்பு முழுசாக உள்ளே போகும் வரை நின்றே ஆக வேண்டும். அவள் நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கம்பெனியில் எல்லோரும் அவளை இஸ்திரி அக்கா என்பார்கள். பெயர் வைக்கலாமா என்று யோசித்தேன். வருகைப் பதிவில் கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரிகிற இடத்தில் பெயரைக் கேட்கிறவர் யார்?

முதலாளி எல்லோரையும் துணி வண்டிகளுக்கு நடுவில் கூட்டி நிறுத்தியிருந்தார். இவருக்கும் தொழிலாளர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: குடும்பம். எந்தக் கூட்டத்தையும் "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று தொடங்குவதால் வந்த பெயர். "ஏய், குடும்பம் வருது" என்று ஒருவர் சொன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிடுவார்கள்.

(அந்த வசனத்தை ஆசிரியரிடமிருந்து சுட்டு முதலாளிக்குக் கொடுத்துவிட்டேன். ஆசிரியர் எனக்குச் சன்மானம் தரவில்லை, நான் அவருக்கு ராயல்டி தரவில்லை. கணக்கு நேர்.)

குடும்பம் அன்று ஆளுக்கொரு பித்தளை பேட்ஜ் குத்திவிட்டார். பாய்லர் அண்ணன் "வெப்ப மேலாளர்" ஆனார். மடிப்பு மேஜைக்காரி "மடிப்பு மேலாளர்". கேட்டில் நிற்கிற காவல்காரர் "நுழைவாயில் மேலாளர்". இஸ்திரி அக்கா "இஸ்திரி மேலாளர்". துவைக்கிறவர், பிழிகிறவர், கறை எடுக்கிறவர், ஒருவர் பாக்கியில்லை. கடைசியில் மேலாளர் ஆகாமல் மிஞ்சியது உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் வெதுவெதுப்பாகத் தூங்குகிற பூனை ஒன்றுதான். அந்தக் கம்பெனியில் நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுந்ததும் அது ஒன்றுதான்.

எல்லோரும் கை தட்டினார்கள். கணக்கர் மட்டும் தட்டவில்லை. அவருக்கு விஷயம் தெரியும்.

* குறிப்பு: மேலாளர் ஆன பிறகு அவளை "அவர்" என்று எழுதுவதுதானே முறை என்று ஆசிரியர் கேட்டார். தலைப்பில் வேண்டுமானால் எழுதிக்கொள்கிறேன். மரியாதை கூடக் கூடச் சம்பளம் குறைவதைப் பார்த்த பிறகு, கதைக்குள் அவளை "அவள்" என்றே வைத்துக்கொள்வது அவளுக்கு நல்லது.

3

இந்த இடத்தில் அவள்மீது எனக்குச் சந்தேகம் வந்தது.

நான் முதலில் எழுதியது இப்படி: "பேட்ஜைக் கண்டதுமே அவள் சூழ்ச்சியைப் புரிந்துகொண்டாள். அவள் கண்கள் கனலாய்" — பொய். கண்ணாவது கனலாவது. அவளுக்கு சந்தோஷமாக இருந்தது. பேருந்தில் வரும்போது பேட்ஜைக் கழற்றாமலேயே வந்தாள். பக்கத்து சீட்டுக்காரி ஓரக்கண்ணால் பார்த்ததை இவளும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் மகள் அதை வாங்கித் தன் சட்டையில் குத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். "அம்மா, நீ இனிமே யாரையாவது திட்டலாமா?"

"திட்டலாம்னுதான் நெனைக்கிறேன்."

"யாரை?"

யோசித்துப் பார்த்தாள். எல்லோரும் மேலாளர்கள். "பூனையத்தான் திட்டணும்" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

பிறகு அண்ணனுக்குப் போன் செய்தாள். இதைத்தான் அவள் செய்திருக்கக் கூடாது. ஆனால் செய்வாள். கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு சில வருஷம் அந்த அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்வான். காலையில் முதலில் எழுவது அவள், ராத்திரி கடைசியில் படுப்பது அவள், நடுவில் ஆறு பேருக்குச் சமையல், பாத்திரம், துணி. மகள் அடுப்படிக்கும் கழிவறைக்கும் நடுவில் உள்ள நடையில் உட்கார்ந்து படித்தாள். ஓவர்டைம் பற்றிக் கதை கேட்டவர்கள் யாரும் அண்ணன் வீட்டு ஓவர்டைம் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் பத்திரிகையில் பக்கம் போதாது.

சலவைக் கம்பெனியில் சேர்ந்து, ஆறு மணிக்கு மேலும் நின்று, அந்தக் கூடுதல் பணத்தில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்துத் தனியாக வந்தாள். சம்பளம் வயிற்றுக்கு, ஓவர்டைம் வாடகைக்கு. ஓர் அறையில் சன்னல் இருந்தது. மகள் மேஜையைச் சன்னலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். இந்தக் கதையில் பணயம் வைத்திருப்பது அந்தச் சன்னலைத்தான். வேறு பெரிய தத்துவம் எதையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

"மேனேஜரா?" என்றான் அண்ணன். "அப்ப இனிமே நாங்கல்லாம் உன் கண்ணுக்குத் தெரிவோமா?"

பின்னால் அண்ணியின் குரல்: "சம்பளம் எவ்வளவு ஏத்தினாங்கன்னு கேளுங்க."

4

சம்பளம் போட்ட அன்று அவள் கணக்கரின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றாள்.

"என்னங்க, ஓவர்டைம் வரலியே?"

கணக்கர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேனேஜருங்களுக்கு ஓவர்டைம் கெடையாதும்மா."

"நான் அதே மெஷின்லதான நிக்கிறேன்?"

"நின்னா என்ன? தொழிலாளி நின்னா ஓவர்டைம். மேனேஜர் நின்னா பொறுப்புணர்ச்சி."

(இந்த வசனத்துக்காக நான் கணக்கரைக் கட்டிப் பிடித்துக்கொள்வேன். ஆனால் அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அவரும் "கணக்கு மேலாளர்" ஆகியிருந்தார்.)

அவள் நேராக முதலாளி அறைக்குப் போனாள். உள்ளே ஏசி. அவள் நிற்கிற இடத்தில் முகம் வெந்துபோகிற சூடு, பிளீச் நெடி, தரையெல்லாம் ஈரம். இங்கே மேஜையில் ஒரு மீன்தொட்டி.

"உக்காருங்க மேனேஜரம்மா" என்றார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவளை உட்காரச் சொல்கிறார். பேட்ஜால் கிடைத்த ஒரே லாபம் அந்த நாற்காலி. அதற்கும் துணி உறை போட்டிருந்தது, அதை இஸ்திரி போட்டதும் அவள்தான்.

"சார், ஓவர்டைம் இல்லாட்டி எனக்கு வீட்டு வாடகை குடுக்க முடியாது சார்."

"இதுதான் உங்ககிட்ட மாறணும். தொழிலாளி மாதிரி யோசிக்கிறீங்க. மேனேஜர் மாதிரி யோசிங்க."

"மேனேஜர்னா எப்படி சார் யோசிக்கணும்?"

"இது என் கம்பெனின்னு யோசிக்கணும். மணிய பாத்து வேலை செய்யக் கூடாது. நாம எல்லாம் ஒரே குடும்பம்."

"சரிங்க சார்" என்று எழுந்து வந்தாள். வேறென்ன செய்வாள்? "சரிங்க சார்" என்று சொன்னவர்களை எல்லாம் கோழைகள் என்று எழுதுகிற எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். ஆசிரியர் "இன்னும் ரெண்டு பக்கம் சேர்த்துக் குடுங்க சார்" என்றபோது நானும் அதைத்தான் சொன்னேன்.

அதன் பிறகும் ஆறு மணிக்கு மேல் காசில்லாமலே நின்றாள். எல்லோரும் நின்றார்கள். வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை தவணை கேட்டாயிற்று. மூன்றாவது தடவை அவர் கதவைப் பாதி திறந்தே பேசினார். அண்ணன் போன் செய்து, "எதுக்கு வீணா வாடகை? அண்ணி உன்னை ரொம்பத் தேடுறா" என்றான். தேடுவாள், ஏன் தேட மாட்டாள்? பாத்திரம் சேர்ந்திருக்கும்.

5

இனி கதையை நகர்த்த ஓர் ஆள் தேவை. ஆகவே தொழிலாளர் துறை அதிகாரி ஒருவரை அனுப்பினேன். அவரை யார் வரச் சொன்னது, எவன் புகார் கொடுத்தான் என்றெல்லாம் முதலாளி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். நான்தான். பிடிக்கட்டும் பார்ப்போம்.

அவரை நேர்மையின் சிகரமாக எழுத ஆசைதான். ஆனால் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை என்பதால், டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று நினைக்கிற ஒருவரை அனுப்பினேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்தார். வந்ததும் முதலில் சொன்னது: "சீக்கிரம் பாத்துரலாம் சார். ஆறு மணிக்கு மேல எனக்கு டூட்டி கெடையாது."

உருளை மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்கள். கையில் டீ.

"மொத்தம் எத்தன தொழிலாளிங்க?"

"தொழிலாளிங்களே கெடையாது சார்" என்றார் முதலாளி பெருமையாக. "எல்லாரும் மேனேஜருங்கதான்."

அதிகாரி பாய்லர் அண்ணனைப் பார்த்தார். பனியன் முழுக்கக் கரி, கழுத்தில் துண்டு. "இவரு?"

"வெப்ப மேலாளர்."

"அப்ப துணி தோய்க்கிறது யாரு?"

"மேனேஜருங்கதான் சார். நம்ம கம்பெனில பந்தாவே கெடையாது. மேனேஜர்களே எறங்கி வேலை செய்வாங்க."

அதிகாரி ஒரு வாய் டீ குடித்தார். அவர் ஒன்றும் மடக்குவதற்காகக் கேட்கவில்லை, எல்லா இடத்திலும் கேட்பதைத்தான் கேட்டார். "பேரு மட்டும் மேனேஜர்னா ஒத்துக்க முடியாது சார். அதிகாரம் இருக்கணும். இல்லாட்டி பழைய ஓவர்டைம் எல்லாம் சேத்துக் குடுக்கச் சொல்வாங்க."

முதலாளி பதறிவிட்டார். பதற்றத்தில் மனிதன் கொஞ்சம் அதிகமாகப் பேசுவான். "முழு அதிகாரம் சார்! இதோ, இந்தம்மா இருக்காங்களே, இஸ்திரி பிரிவு இவங்க ராஜ்ஜியம். மெஷின எப்ப போடணும், எப்ப நிறுத்தணும், யாரு இருக்கணும், யாரு வீட்டுக்குப் போகணும், எல்லாம் இவங்க முடிவு. நான்கூடத் தலையிட மாட்டேன்."

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

இந்த இடத்தில் அவளுக்காக நான் ஒரு முழுப் பக்கப் பேச்சு எழுதி வைத்திருந்தேன். உழைப்பு, வியர்வை, ரத்தம், எல்லாம் அதில் இருந்தது. நல்ல பேச்சு. அவள் வாயில் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. ஏனென்றால் அவள் அப்போது யோசித்துக்கொண்டிருந்தது இதுதான்: இல்லை என்று சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது. பழைய ஓவர்டைம் வழக்கு, வாய்தா என்று எப்போது வருமோ, அதுவரை அண்ணன் வீட்டு நடையில் மகள். ஆமாம் என்று சொன்னால் அந்தப் பொய் நிஜமாகிவிடும். தினமும் இப்படியே நின்று, வாடகைக்குக் காசில்லாமல், அப்போதும் அண்ணன் வீடு. எப்படிச் சொன்னாலும் அண்ணன் வீடு. அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடேயே ஒரு விரிப்பை இழுத்துப் பிடித்து உள்ளே விட்டாள்.

சுவரில் மணி ஐந்தரையைத் தாண்டியிருந்தது.

"ஆமா சார்" என்றாள்.

முதலாளி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அவள் திரும்பி, "அண்ணே, ஸ்டீம அடைச்சிடுங்க. இந்த பெட்ஷீட்டோட நிறுத்துறோம்" என்றாள்.

பாய்லர் அண்ணன் ஒரு கணம் முழித்தார். பிறகு அவருக்கு விளங்கியது. விளங்கியதும் அவர் போன வேகத்தை அந்தக் கம்பெனியில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"என்னம்மா இது?" என்றார் முதலாளி. "ஓட்டல் துணி அவ்வளவும் அப்படியே..."

அதிகாரி டீயிலிருந்து தலையைத் தூக்கினார். அவ்வளவுதான் செய்தார். அதுவே போதுமாக இருந்தது.

"இல்ல... அவங்க... அவங்க முடிவுதான் சார்" என்றார் முதலாளி. "நான் தலையிடுறதில்ல."

உருளை மெஷினைச் சூட்டோடு சட்டென்று நிறுத்த முடியாது. நிறுத்தினால் உருளை மேல் சுற்றியிருக்கும் கம்பளி கருகிவிடும். ஸ்டீமை அடைத்த பிறகு சூடு தணியும் வரை சும்மா சுற்ற விட வேண்டும். ஆகவே எல்லோரும் நின்றார்கள். மெஷின் வெறுமனே சுற்றியது. பக்கத்தில் ஈர விரிப்புகள் மலைபோல் வண்டியில் குவிந்திருக்க, அந்த வெற்று உருளையைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றார் முதலாளி. அதிகாரி இருக்கும் வரை சிரிக்க வேண்டுமே.

"அப்ப நானும் என் பிரிவ நிறுத்திக்கிறேன் சார்" என்றாள் மடிப்பு மேலாளர். ஆறு மணிக்கு நுழைவாயில் மேலாளர் கேட்டை விரியத் திறந்து வைத்தார். அதிகாரியின் வண்டிதான் முதலில் வெளியே போனது.

கேட்டருகே முதலாளி அவளைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு இப்போது இல்லை. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? ராத்திரி துணி எடுக்க ஓட்டல் லாரி வந்து நிக்கும். குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கலாமில்ல?"

"பேசலாம் சார். வேலை நேரத்துல பேசலாம்."

6

"பிரமாதம் சார்" என்றார் ஆசிரியர். "ஆனா முடிவு? லாரி வந்துச்சா? வேலைய விட்டுத் தூக்கினாரா? வாடகை? இன்னும் ஒரு பக்கம் எழுதினீங்கன்னா..."

எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: "முதலாளியின் மனசாட்சி அன்றிரவு அவரைத் தூங்க விடவில்லை. விடியற்காலையில்" — அவருக்கு ஏசி அறை. நன்றாகவே தூங்குவார்.

முடிவு இரண்டு: அவளை வேலையை விட்டுத் தூக்கிவிடுகிறார்கள். மறுபடி அண்ணன் வீடு. நீங்கள் "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டுகிறீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவருக்குப் போன் போட்டு, "அந்த ஃபைல இப்பவே கொஞ்சம் அனுப்பிடுங்களேன்" என்கிறீர்கள்.

முடிவு மூன்று: மேலாளர்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்து — இது எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதிக் கொடுத்தால் நடந்துவிடுமா? அவர்களல்லவா சேர வேண்டும்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்தாள். மகள் சன்னல் மேஜையிலிருந்து பதறி எழுந்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

பகல் வெளிச்சத்தில் தாயைப் பார்த்தால் நோய் என்று நினைக்கிற பிள்ளை. அதற்கு யாரை ஏசுவது என்று தெரியாமல் எல்லோரையும் ஏசிக்கொண்டிருக்கிறேன்.

"நல்லாத்தான் இருக்கேன். நீ படி" என்று சொல்லிவிட்டு அவள் சன்னலோரம் உட்கார்ந்தாள். இத்தனை மாதம் வாடகை கொடுத்தும் அந்தச் சன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அப்போது பையில் போன் அடித்தது. மகள் எடுத்து, திரையில் இருந்த பெயரைப் படித்தாள்.

"அம்மா, குடும்பம் கூப்பிடுது."

ஆறு மணிக்கு மேல் நிற்பதற்குக் காசு தருகிறேன், உடனே வாருங்கள் என்று சொல்ல இருக்கலாம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லவும் இருக்கலாம். எது என்று தெரிய வேண்டுமானால் அவள் போனை எடுக்க வேண்டும், நான் இன்னொரு பக்கம் எழுத வேண்டும். இரண்டும் ஓவர்டைம். நான் பேனாவை மூடிவிட்டேன். ஆசிரியர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும், குடும்பத்தில் ஆளா இல்லை?

அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன் நிற்கவில்லை. முடிவு தெரியாமல் தூக்கம் வராது என்கிறவர்கள் நீங்கள்தான். எடுத்தால் அந்தச் சன்னல் தங்கலாம், போகலாம். எடுக்காவிட்டாலும் அப்படித்தான். வித்தியாசம் ஒன்றுதான்: எடுத்தால், ஆறு மணிக்கு மேல் காசு வாங்காமல் அவள் மறுபடி வேலை பார்த்ததாக ஆகிவிடும்.

"எடுக்கட்டுமா?" என்று மகள் கேட்கிறாள். அம்மா திரும்பவில்லை. உங்களைத்தான் கேட்கிறாள்.